எண்ணோடு இயற்பியலையும் காட்டுங்கள்: நானோவயர் சிமுலேஷன் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வு மாணவர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும்,



தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் மின்னணுவியல் துறைகளில் உங்களைப் போல சிலிக்கான் நானோவயர் டிரான்சிஸ்டரை சிமுலேஷன் செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். கேட்-ஆல்-அரவுண்ட், ஜங்ஷன்லெஸ், டூயல் மெட்டீரியல் கேட், ஹை-கே ஸ்பேசர் என்று உங்கள் தலைப்புகள் மாறும். டீகேட் மென்பொருளும் அதை ஓட்டும் முறையும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். நான் சாதன இயற்பியல் கற்பிப்பவன். உங்கள் ஆய்வேடுகளும் கட்டுரைகளும் மதிப்பீட்டுக்காக என் மேசைக்கு வருகின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அதே கேள்விகளைத்தான் எழுதி அனுப்புகிறேன். இனி அவற்றை உங்கள் எல்லோரிடமும் சேர்த்துக் கேட்டுவிடுவது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

என் குறை ஒன்றுதான். டிரெயின் மின்னோட்டத்தை நான்கு இலக்கத் துல்லியத்தில் தருகிறீர்கள். அந்த மின்னோட்டமாக ஓடிய எலக்ட்ரான் எந்த விதிக்குக் கட்டுப்பட்டு ஓடியது என்று சொல்வதில்லை. கேட்டால், "டூலில் அந்த மாடலை ஆன் பண்ணியிருக்கிறோம் சார்" என்கிறீர்கள். ஆன் செய்த மாடல் என்ன நினைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது, உங்கள் சாதனத்தில் அந்த நினைப்பு செல்லுமா என்று கேட்டால் மௌனம். அந்த மௌனத்தைக் கலைக்கத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் வேறெதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் உங்கள் மென்பொருள் தீர்ப்பது டிரிஃப்ட்-டிஃபியூஷன் சமன்பாட்டை. 1964-இல் கம்மல் சொன்ன சுழற்சி முறையும், 1969-இல் ஷார்ஃபெட்டரும் கம்மலும் சேர்ந்து தந்த கட்டப்பிரிப்பு முறையும் இன்றைக்கும் அதன் உயிர்நாடி. அந்தச் சமன்பாட்டை நான் குறை சொல்லவில்லை. அரை நூற்றாண்டு காலத் தொழில்துறையை அது தாங்கியிருக்கிறது. ஆனால் அது ஒன்றை நம்பி நிற்கிறது: சோர்ஸிலிருந்து டிரெயினுக்குப் போகும் எலக்ட்ரான் வழியில் எண்ணற்ற முறை மோதி, ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்து மின்புலத்துக்கு ஏற்ற சராசரி வேகத்துக்கு வந்துவிடுகிறது. மொபிலிட்டி என்ற ஓர் எண்ணில் எல்லா மோதல்களையும் அடக்கிவிட முடிவது அதனால்தான். சேனலின் நீளம் மைக்ரோமீட்டரில் இருந்த காலத்தில் இது சரி. நீங்கள் எடுத்துக்கொள்ளும் சேனல் 10 நானோமீட்டர். சிலிக்கானில் ஓர் எலக்ட்ரான் மோதாமல் போகும் சராசரித் தூரமும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருக்கிறது. ஓரிரு மோதலிலேயே, சில நேரம் மோதலே இல்லாமல், கடந்துவிடும் எலக்ட்ரானுக்கு மொபிலிட்டி என்பதன் பொருள் என்ன?

இதைத் தத்துவமாக விட்டுவிடாமல் கணக்காகவே போட்டுப் பாருங்கள். காகிதமும் பேனாவும் போதும்.

3 நானோமீட்டருக்கு 3 நானோமீட்டர் குறுக்குவெட்டு கொண்ட நானோவயர், சேனல் நீளம் 10 நானோமீட்டர். கேட்டை நன்றாகத் திறந்து, ஒரு நானோமீட்டருக்கு அரை எலக்ட்ரான் வீதம் வரவழைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். மொத்தச் சேனலில் ஐந்தே எலக்ட்ரான்கள். டிரெயின் மின்னழுத்தம் மிகக் குறைவு. மாசற்ற சிலிக்கானின் மொபிலிட்டியான 1,400-ஐ அப்படியே போட்டால், டிரிஃப்ட்-டிஃபியூஷன் கணக்கில் கடத்துதிறன் 1,120 மைக்ரோசீமன்ஸ் வரும். மொபிலிட்டியை 500-ஆகக் குறைத்தாலும் 400 வரும்.

இப்போது இயற்கை விதித்திருக்கும் உச்சவரம்பைப் பாருங்கள். ரோல்ஃப் லாண்டௌர் 1957-இல் தொடங்கி வைத்து, மார்கஸ் பியூட்டிகர் 1980-களில் விரித்துரைத்த சிந்தனையின்படி, எவ்வளவு தூய்மையான கம்பியாக இருந்தாலும், அதிலுள்ள ஒவ்வொரு குவாண்டம் வழித்தடமும் 77.5 மைக்ரோசீமன்ஸுக்கு மேல் கடத்தாது. மின்தடையாகச் சொன்னால் 12.9 கிலோ ஓமுக்குக் கீழே போகாது. 1988-இல் நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதை அளந்து, கடத்துதிறன் படிப்படியாக ஏறுவதைக் காட்டிவிட்டன. நாம் எடுத்துக்கொண்ட கம்பி 100 திசையில் இருந்தால், அதன் கீழ்மட்டத் துணைப்பட்டை சிலிக்கானின் நான்கு ஆற்றல் பள்ளங்களுக்குப் பொதுவானது. ஆகவே வழித்தடங்கள் நான்கு, உச்சவரம்பு 310 மைக்ரோசீமன்ஸ். உங்கள் மென்பொருள் தந்த 1,120 அதைப் போல மூன்றரை மடங்கு. இயற்கையில் இருக்கவே முடியாத ஒரு மின்னோட்டத்தை வரைபடமாக்கி, "முன்மொழியப்பட்ட சாதனம் சிறந்த ஆன்-கரன்ட் தருகிறது" என்று முடிவுரையில் எழுதுகிறீர்கள்.

டிரெயின் மின்னழுத்தம் உயரும்போது தவறு எதிர்ப்பக்கம் திரும்பும். மென்பொருள் வேகத்துக்கு விநாடிக்கு 1 கோடி சென்டிமீட்டர் என்று ஒரு வரம்பு போட்டுவிடுகிறது. குட்டைச் சேனலில் டிரெயின் பக்கம் போகும் எலக்ட்ரான் அந்த வரம்பை மீறி ஓட முடியும். ஒரு பக்கம் கூட்டிச் சொல்லி, மறுபக்கம் குறைத்துச் சொல்லி, இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி ஏதோ ஓர் எண் வந்தால் அது தற்செயல். தற்செயலை ஆய்வு முடிவு என்று எழுத முடியாது.

அடுத்தது சப்திரெஷோல்டு பகுதி. உங்கள் கட்டுரைகளில் 61, 62 மில்லிவோல்ட் என்று ஸ்விங் மதிப்பைப் பெருமையோடு போடுகிறீர்கள். அறை வெப்பநிலையில் சாதாரண டிரான்சிஸ்டருக்கு ஒரு டெக்கேடுக்கு ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் என்பதுதான் அடித்தளம் என்பதால் அந்த எண் கவர்ச்சியானது. எனக்கு மதிப்பீட்டுக்கு வந்த ஓர் ஆய்வேட்டில், கேட் நீளத்தை 20-லிருந்து 5 நானோமீட்டர்வரை குறைத்துக்கொண்டே போயிருந்தார்கள். ஸ்விங் கடைசிவரை ஏறத்தாழ அசையவே இல்லை. அதைத் தன் சாதனத்தின் மேன்மை என்று மாணவர் வாதிட்டார். டிரிஃப்ட்-டிஃபியூஷன் சமன்பாட்டுக்குள், சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் இடையிலுள்ள ஆற்றல் தடையின் மேலே ஏறிப் போகும் எலக்ட்ரான் மட்டுமே இருக்கிறது, தடைக்குள் ஊடுருவிப் போகும் (டனலிங்) எலக்ட்ரானுக்கு அதில் இடமே இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இதையும் கணக்குப் போடுங்கள். தடையின் உயரம் 0.3 எலக்ட்ரான்வோல்ட், எலக்ட்ரானின் பயனுறு நிறை 0.19. தடையின் நீளம் 10 நானோமீட்டர் என்றால், ஊடுருவும் வாய்ப்பு பத்தாயிரம் கோடிக்கு இரண்டு மூன்றுதான். மறந்துவிடலாம். 5 நானோமீட்டர் என்றால் அதே வாய்ப்பு பத்து லட்சத்துக்கு ஐந்தாக உயர்கிறது. வெப்ப ஆற்றலால் தடையைத் தாண்டும் வாய்ப்பு பத்து லட்சத்துக்கு ஒன்பது. இரண்டும் ஒரே அளவுக்கு வந்துவிட்டன. செவ்வகத் தடைக்கு எளிய தோராயத்தில் போட்ட கணக்கு இது. ஆனாலும் சேதி தெளிவு: 5 நானோமீட்டரில் டனலிங் இல்லாத சிமுலேஷன், கசிவு மின்னோட்டத்தின் கணிசமான பங்கைக் கணக்கிலேயே எடுக்காத சிமுலேஷன். கேட் நீளத்தைக் குறைப்பது உங்களுக்கு மவுஸைத் தட்டும் வேலை. சமன்பாட்டின் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று மென்பொருள் எச்சரிக்காது. அந்த எச்சரிக்கை உங்கள் தலைக்குள் இருக்க வேண்டும்.

கம்பியின் அகலத்தைப் பற்றியும் இதே அக்கறை தேவை. 10 நானோமீட்டர் அகலத்தில், சுவர்களுக்குள் அடைபட்டதால் எலக்ட்ரானுக்கு ஏறும் ஆற்றல் ஏறத்தாழ 0.024 எலக்ட்ரான்வோல்ட், அறை வெப்பத்தின் ஆற்றலுக்குச் சமம். 3 நானோமீட்டரில் அது 0.26-க்கு மேல் போகிறது, அறை வெப்ப ஆற்றலைப் போலப் பத்து மடங்கு. திரெஷோல்டு மின்னழுத்தம் அதற்கேற்ப நகரும். சிலிக்கானின் ஆறு ஆற்றல் பள்ளங்களும் சமமாக இருந்த நிலை குலைந்து, நான்கு கீழேயும் இரண்டு மேலேயும் பிரியும். கம்பி 100 திசையில் இருந்தால், ஓட்டத்தில் பங்குபெறும் எலக்ட்ரானின் நிறை 0.19 ஆகிறது. கம்பியின் திசையை மாற்றினால் இந்தக் கதையும் மாறும். உங்கள் கட்டுரைகளில் கம்பி எந்தப் படிகத் திசையில் இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லாததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். குவாண்டம் கரெக்‌ஷன் என்ற பொத்தானை அழுத்திவிட்டால் இவை அனைத்தும் உள்ளே வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். அந்தத் திருத்தம் சார்ஜ் எங்கே நிற்கிறது என்பதைச் சரிசெய்கிறது. எலக்ட்ரான் எப்படிப் போகிறது என்பதை அது தொடுவதில்லை.

பயனுறு நிறை என்ற கருத்துக்கும் எல்லை உண்டு. 2005-இல் பர்டூ பல்கலைக்கழகக் குழு அதைச் சோதித்துப் பார்த்தது. அணு அணுவாகக் கணக்கிடும் டைட்-பைண்டிங் முறையோடு ஒப்பிட்டபோது, கம்பியின் அகலம் 5 நானோமீட்டருக்குக் கீழே போனதும் எளிய பயனுறு நிறை ஆன்-கரன்ட்டைக் கூட்டிச் சொல்லத் தொடங்குகிறது, 3-க்குக் கீழே திரெஷோல்டும் பிசகுகிறது என்று கண்டார்கள். அந்தக் கட்டுரையை உங்களில் பலர் மேற்கோள் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அதே ஆய்வேட்டில் 2 நானோமீட்டர் கம்பிக்கு அதே எளிய நிறையை வைத்துக் கணக்கும் போட்டிருக்கிறீர்கள்.

டோப்பிங்கைப் பற்றி நான் சொல்லப்போவது ஜங்ஷன்லெஸ் சாதனத்தில் வேலை செய்வோருக்கு மிக முக்கியம். 2010-இல் அயர்லாந்தின் டிண்டால் நிறுவனத்தில் கோலாங் தலைமையிலான குழு ஜங்ஷன்லெஸ் நானோவயர் டிரான்சிஸ்டரைச் செய்து காட்டிய பிறகு, நம் ஊரில் அந்தத் தலைப்பில் ஆய்வுகள் பெருகின. நல்லதுதான். நீங்கள் கன சென்டிமீட்டருக்கு 10-இன் 19-ஆம் அடுக்கு என்று டோப்பிங் கொடுக்கிறீர்கள். மென்பொருள் அதை எங்கும் ஒரே சீராகப் பரப்பிவிடுகிறது. ஒரு கன நானோமீட்டருக்கு எத்தனை அணு என்று மாற்றிப் பாருங்கள்: 0.01. உங்கள் 3 × 3 × 10 நானோமீட்டர் சேனலின் கன அளவு 90. ஆக, சேனல் முழுவதிலும் சராசரியாக ஒரே ஒரு டோப்பன்ட் அணுகூட முழுதாக இல்லை. அணுக்கள் தற்செயலாக விழுகின்றன என்று கொண்டால், இப்படிச் செய்த நூறு சாதனங்களில் நாற்பதில் ஒரு டோப்பன்ட் அணுவும் இருக்காது. 10 × 10 × 20 நானோமீட்டர் சேனலை எடுத்தாலும் சராசரி இருபது அணுக்கள், அதில் நான்கைந்து கூடவோ குறையவோ செய்யும். இருபது விழுக்காட்டுக்கு மேல் தடுமாறும் ஓர் அடிப்படையின்மீது நின்றுகொண்டு, ஸ்பேசரை மாற்றியதால் மின்னோட்டம் 3 விழுக்காடு உயர்ந்தது என்று எழுதுவதில் என்ன பொருள் இருக்கிறது? கிளாஸ்கோவில் அசேன் அசெனோவ் 1990-களிலேயே டோப்பன்ட்களைத் தனித்தனி அணுக்களாக வைத்து முப்பரிமாணத்தில் கணக்கிட்டுக் காட்டினார். அந்தப் பாதை உங்களுக்கும் திறந்தே இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் பேலிஸ்டிக் மாடலுக்கு மாறிவிடுகிறோம்" என்று நீங்கள் சொல்லக்கூடும். அதுவும் புகலிடம் அல்ல. 10 நானோமீட்டரிலும் சிலிக்கானில் சிதறல் முற்றாக மறைவதில்லை. சோர்ஸுக்கு அருகே, தடையின் உச்சியை ஒட்டிய சிறு பகுதியில் எலக்ட்ரான் பின்னுக்குத் திரும்புகிறதா என்பதே ஆன்-கரன்ட்டைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று மார்க் லண்ட்ஸ்ட்ரோம் 1997-இல் தெளிவாக்கினார். டிரெயின் பக்கச் சிதறலையும் தள்ளிவிட முடியாது என்று ஸ்விஷென்கோவும் அனந்த்ராமும் 2003-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2006-இல் ஃபோனான் மோதலையும் சேர்த்து முப்பரிமாண நானோவயர் கணக்கே வெளிவந்துவிட்டது. பேலிஸ்டிக் கணக்கு உங்களுக்குத் தருவது உச்சவரம்பு. அதை உச்சவரம்பு என்று எழுதினால் அது அறிவியல். சாதனம் தரப்போகும் மின்னோட்டம் என்று எழுதினால் பிழை.

உங்கள் பக்கத்து நியாயங்களும் எனக்குத் தெரியும். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பேச நான் விரும்பவில்லை.

"எங்களிடம் சூப்பர் கம்ப்யூட்டர் இல்லை" என்கிறீர்கள். முழு அணுக்கணக்குக்கு அது தேவைதான். 3 × 3 × 30 நானோமீட்டர் கம்பியில் ஏறத்தாழ 13,500 அணுக்கள். அணுவுக்குப் பத்து ஆர்பிட்டல் வீதம் 1,35,000 வரிசைகள் கொண்ட மேட்ரிக்ஸ். சூரிக்கின் ஈடிஹெச் குழு 2019-இல் சுமார் 10,000 அணுக்கள் கொண்ட அமைப்பில் எலக்ட்ரானையும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிட அமெரிக்காவின் சம்மிட் கணினி வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு கார்டன் பெல் பரிசும் கிடைத்தது. அதை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. 2004-இல் ஜிங் வாங், எரிக் பொலிட்சி, லண்ட்ஸ்ட்ரோம் மூவரும் காட்டிய முறை வேறு. குறுக்குவெட்டில் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்த்து, கிடைக்கும் சில துணைப்பட்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு, நீளவாட்டில் ஒற்றைப் பரிமாணமாகச் சமநிலையற்ற கிரீன் சார்பைக் கணக்கிடுவது. பெரிய கணக்கு இப்படிச் சுருங்கிவிட்டால், இன்று உங்கள் மடிக்கணினியே அதைத் தாங்கும்.

"மென்பொருள் உரிமம் வாங்கக் கல்லூரியில் பணம் இல்லை" என்கிறீர்கள். உண்மை. ஆனால் பர்டூவை மையமாகக் கொண்ட நானோஹப் 2002 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நானோவயருக்கான கருவிகளே அங்கே இருக்கின்றன, காசு கேட்பதில்லை. பீசாவில் ஃபியோரியும் இயனக்கோனேயும் எழுதிய விதேஸ், 2014-இல் வந்த குவான்ட், டிரான்சியெஸ்டா என்று மூலநிரல் திறந்த கருவிகளுக்கும் பஞ்சமில்லை. மத்திய அரசின் சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்தின் வழியே வடிவமைப்பு மென்பொருள்கள் கல்லூரிகளுக்குக் கிடைக்கின்றன. கருவி இல்லை என்பதைவிட, கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இல்லை என்பதே பெரிய குறை.

"கட்டுரை வந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும், நேரம் இல்லை" என்கிறீர்கள். இது உண்மையான வலி. இதற்கு மாணவர்கள் பொறுப்பல்ல. இதைப் பற்றி உங்கள் வழிகாட்டிகளிடம் கீழே பேசுகிறேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆராயும் சாதனம் ஆய்வுக்கூடப் பொருளாக இருந்த காலம் முடிந்துவிட்டது. கேட் எல்லாப் பக்கமும் சூழ்ந்த டிரான்சிஸ்டரை சாம்சங் 2022-இல் தன் 3 நானோமீட்டர் தலைமுறையில் தயாரிக்கத் தொடங்கியது. டிஎஸ்எம்சியும் இன்டெலும் அதே பாதையில் வந்துவிட்டன. கம்பி தட்டையான தகடாக அகன்றிருக்கிறது, உள்ளே இயற்பியல் அதேதான். ஆனால் இந்தியாவில் இந்த வகைச் சாதனத்தைத் தயாரிக்கும் தொழிற்சாலை இல்லை. குஜராத்தின் தொலேராவில் வரவிருக்கும் ஆலையும் 28 நானோமீட்டரிலிருந்து மேற்பட்ட தலைமுறைகளுக்கானது. ஆகவே இந்தத் துறையில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கையில் இருக்கும் சோதனைச்சாலை சிமுலேஷன்தான். அதனால்தான் சோதனைச்சாலைக்குரிய கட்டுப்பாடு அதற்கு வேண்டும் என்கிறேன். வேதியியல் கூடத்தில் தராசைச் சரிபார்க்காமல் எடை போட்டால் ஏற்பீர்களா? சரிபார்க்காத மெஷ்ஷில் போட்ட கணக்கை மட்டும் ஏன் ஏற்கிறீர்கள்?

ஆய்வு மாணவர்களே, உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவது, ஒவ்வொரு கட்டுரையிலும் ஆய்வேட்டிலும், எந்தச் சமன்பாட்டைத் தீர்த்தீர்கள், உங்கள் கேட் நீளத்துக்கும் கம்பி அகலத்துக்கும் அது ஏன் பொருந்தும், எந்த இடத்தில் பொருந்தாது என்று ஒரு பத்தி எழுதுங்கள். கம்பியின் திசை, பயனுறு நிறை, மொபிலிட்டி மாடல், வெப்பநிலை எல்லாம் அதில் இருக்கட்டும். டிரிஃப்ட்-டிஃபியூஷனையே பயன்படுத்துங்கள், தடையில்லை. 30 நானோமீட்டர் சேனலில், அளந்த சாதனத்தோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்த டிரிஃப்ட்-டிஃபியூஷன் மதிப்புள்ள கருவி. எதற்கு அது உதவும் என்று தெரிந்து எடுங்கள்.

இரண்டாவது, முடிவை நம்பும் முன் கணக்கை உரசிப் பாருங்கள். டிரெயினில் மின்னழுத்தம் பூஜ்யம் என்றால் மின்னோட்டமும் பூஜ்யமாக வர வேண்டும். தடையே இல்லாத நேரான கம்பியைக் கொடுத்தால், ஊடுகடத்தல் ஒன்று, இரண்டு என்று முழு எண்களில் படிக்கட்டாக ஏற வேண்டும். சிதறலைச் சேர்த்தால், சோர்ஸிலிருந்து டிரெயின்வரை ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் ஒரே மின்னோட்டம் வர வேண்டும். வராவிட்டால் சுழற்சி முடியும் முன்பே நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். மெஷ்ஷைப் பாதியாக்கினால் விடை மாறக்கூடாது. ஒற்றைப் பரிமாணத் துணைப்பட்டையின் விளிம்பில் ஆற்றல் நிலைகளின் அடர்த்தி கூர்மையாக எகிறும், ஆகவே ஆற்றல் கட்டங்களை அகலமாக வைத்தால் சார்ஜ் தவறும். அதையும் பாதியாக்கிப் பாருங்கள். இந்தச் சோதனைகளுக்கு ஒரு வாரம் போதும். அதன் முடிவுகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் போடுங்கள்.

மூன்றாவது, யாரேனும் உண்மையில் செய்து அளந்த ஒரு சாதனத்தோடு உங்கள் கணக்கை ஒத்துப்பாருங்கள். 2006-இலேயே சிங்கப்பூரில் 5 நானோமீட்டரும் அதற்குக் குறைந்த விட்டமும் கொண்ட கேட்-ஆல்-அரவுண்ட் நானோவயர்களைச் செய்து, அளந்த வளைகோடுகளை வெளியிட்டிருக்கிறார்கள். அதற்குப் பின் இன்னும் பல வந்திருக்கின்றன. இன்னொருவரின் சிமுலேஷனோடு உங்கள் சிமுலேஷன் ஒத்துப்போவதைச் சரிபார்ப்பு என்று சொல்லாதீர்கள். இருவரும் ஒரே மென்பொருளில் ஒரே பிழையைச் செய்திருக்கலாம்.

நான்காவது, ஒருமுறையாவது உங்கள் கையாலேயே நிரல் எழுதுங்கள். ஒற்றைப் பரிமாணம், ஒரே துணைப்பட்டை, கிரீன் சார்பு, பாய்சான் சமன்பாடு, இரண்டையும் சுழற்சியில் இணைப்பது. இருநூறு வரிகளுக்குள் முடியும். அசாமின் திப்ருகரில் பிறந்து, கரக்பூர் ஐஐடியில் படித்த சுப்ரியோ தத்தா, இந்த முறையைப் பொறியியல் மாணவர்களுக்கு விளங்கும்படி ஆக்கியவர். 2005-இல் வந்த தம் பாடநூலில் படங்களை வரைந்த நிரல்களையும் அவர் சேர்த்தே அச்சிட்டார். அவற்றைத் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்த்தவருக்கு, டீகேட் தரும் எந்த எண்ணையும் கேள்வி கேட்கும் துணிவு வந்துவிடும். வேலைக்கான நேர்காணலில் உங்களைத் தனித்துக் காட்டப்போவதும் அந்தத் துணிவுதான்.

ஐந்தாவது, உங்கள் இன்புட் ஃபைலை வெளியிடுங்கள். கட்டுரையில் சொன்ன மின்னோட்டத்தை வேறொரு கல்லூரியில் வேறொரு மாணவர் மீண்டும் பெற முடியாவிட்டால், அந்தக் கட்டுரை நம் அறிவில் எதையும் சேர்க்கவில்லை. ஃபைலைக் கொடுத்தால் தவறு கண்டுபிடித்துவிடுவார்களே என்று அஞ்சாதீர்கள். கண்டுபிடித்தால் துறைக்கு லாபம், உங்களுக்கும் லாபம்.

பேராசிரியர்களே, உங்களிடம் கேட்பது இதைவிடக் கனமானது. மாணவரின் வேகத்தைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள். "கேட் மெட்டீரியலை மாற்றி இன்னொரு பேப்பர் போட்டுவிடு" என்ற ஒரு வரி ஓர் ஆண்டுப் படிப்பை அழித்துவிடுகிறது. டாக்டரல் கமிட்டியில் உட்காரும்போது எத்தனை கட்டுரை என்று கேட்பதற்கு முன், மேலே சொன்ன சோதனைகளின் முடிவைக் கேளுங்கள். வைவாவில் மாணவரைக் கரும்பலகைக்கு அழைத்து, அவருடைய கம்பியின் உச்சவரம்புக் கடத்துதிறனைக் கணக்கிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை அது. உங்களுக்கே கிரீன் சார்பு முறை பழக்கமில்லை என்றால் அதில் வெட்கப்பட ஏதுமில்லை. மாணவரோடு சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். லண்ட்ஸ்ட்ரோமின் பாடங்களும் தத்தாவின் பாடங்களும் நானோஹப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. துறைக்கு ஒரு வாசிப்புக் குழு வைத்து வாரம் ஒரு மாலை ஒதுக்கினால், ஒரே பருவத்தில் துறையின் தரமே மாறும்.

உங்கள் துறைத்தலைவரிடமும் ஆராய்ச்சி மையத்திடமும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: இன்புட் ஃபைலும் சரிபார்ப்புப் பின்னிணைப்பும் இல்லாத சிமுலேஷன் ஆய்வேட்டை மதிப்பீட்டுக்கு அனுப்புவதில்லை என்று ஒரு விதி. அதற்குப் பணம் தேவையில்லை, புதுக் கணினி தேவையில்லை. துறைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

மாணவர்களே, உங்களில் பலர் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்று, உதவித்தொகை தாமதமானாலும் விடாமல், இரவெல்லாம் ஆய்வகத்தில் கணக்கு ஓடி முடியக் காத்திருப்பவர்கள். உங்கள் உழைப்பில் எனக்கு ஐயமே இல்லை. அந்த உழைப்பு நிலைக்கிற ஒன்றாக வேண்டும் என்பதே என் ஆசை. ஆகவே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையைத் திறந்து, அதிலுள்ள மிகப் பெரிய மின்னோட்டத்தை எடுத்து, அதை டிரெயின் மின்னழுத்தத்தால் வகுத்து, உங்கள் கம்பியின் வழித்தடங்களை எண்ணி, உச்சவரம்போடு ஒப்பிடுங்கள். தாண்டியிருந்தால் கட்டுரையை அனுப்பாதீர்கள். தாண்டவில்லை என்றால், அந்த ஒப்பீட்டையும் இன்புட் ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
சாதன இயற்பியல் கற்பிக்கும் உங்கள் துறைத்தோழன்